ஒரு மில்லிமீற்றரின் வரலாறு: முள்ளந்தண்டுச் சத்திரசிகிச்சையில் இலத்திரனியல் வழிகாட்டிகள்

கண்ணாற் காணாத இடத்திற் கருவியைச் செலுத்த நேர்வது சத்திரசிகிச்சையின் மிகப் பழைய இடர்களுள் ஒன்றாகும். வயிற்றைத் திறக்கும் வைத்தியர் தாம் வெட்டவேண்டிய உறுப்பைக் கண்ணெதிரே காண்கின்றார். முள்ளந்தண்டிலே திருகாணி பொருத்தும் வைத்தியரோ என்பின் புறத்தை மட்டுமே காண்கின்றார். திருகாணி செல்லவேண்டிய வழி என்பின் அகத்தே மறைந்து கிடக்கின்றது. இன்று அவ்வழியைக் காட்டுவதற்குக் கணனித் திரையும், கமெராக்களும், றோபோக் கரங்களும் உள. இவை எவ்வாறு தோன்றின என்ற வினாவுக்கு, விஞ்ஞானம் வளர்ந்தது, அதனோடு கருவிகளும் வளர்ந்தன என்று விடையிறுத்துவிடுதல் எளிது. வரலாற்றைச் சற்று ஊன்றி நோக்குமிடத்து அவ்விடை போதாதென்பது புலனாகும். கணனி கிடைத்தமையால் மட்டும் இக்கருவிகள் முள்ளந்தண்டை வந்தடையவில்லை. தம் கையின் பிழையை அளந்தறிய வைத்தியர்கள் துணிந்தமையே அவற்றுக்கு வழி திறந்தது. கருவியின் வரலாற்றைப் பிழையின் வரலாறாகவும் நோக்க முயல்வதே இக்கட்டுரையாகும்.

என்புக் காம்பு

முள்ளந்தண்டின் ஒவ்வோர் என்பும் இரு பகுதிகளையுடையது. முன்புறத்தே உடலின் பாரத்தைத் தாங்கும் திரண்ட பகுதியும், பின்புறத்தே முண்ணாணைச் சூழ்ந்து காக்கும் வளைவும் அமைந்துள்ளன. இவ்விரு பகுதிகளையும் இடப்புறம் ஒன்றும் வலப்புறம் ஒன்றுமாக இரண்டு குறுகிய என்புத் தூண்கள் இணைக்கின்றன. பூவைக் கிளையோடு இணைக்கும் காம்பு போன்றவையாதலால் இவற்றைக் காம்பு எனல் பொருந்தும். முதுகுப்புறமாக நுழையும் ஒரு திருகாணி இக்காம்பினூடே சென்று முன்பகுதியை அடையுமாயின், அது அவ்வென்பு முழுவதையும் இறுகப் பற்றிக்கொள்ளும். அத்தகைய திருகாணிகளைக் கோல்களால் ஒன்றோடொன்று பிணைத்தால், முறிந்த முள்ளந்தண்டையும் வளைந்த முள்ளந்தண்டையும் நிலைநிறுத்தலாம்.

ஆயின் காம்பின் அயலவர் எளியவரல்லர். அதன் உட்புறத்தே முண்ணாண் செல்கின்றது. கீழ்ப்புறத்தை ஒட்டி நரம்பின் வேர் வெளியேறுகின்றது. திருகாணி அளவுக்கு மிஞ்சி முன்னே சென்றால் அங்கே பெருநாடியும் பெருநாளமும் உள. காம்பின் அகலமும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றது. இடுப்பின் ஐந்தாம் என்பில் அது சராசரியாக ஏறத்தாழ 18 மில்லிமீற்றராகும். நெஞ்சுப் பகுதியின் ஐந்தாம் என்பிலோ ஏறத்தாழ 4.5 மில்லிமீற்றர் மட்டுமே. வழமையாகப் பயன்படும் திருகாணியின் விட்டம் பெரும்பாலும் 4 முதல் 7 மில்லிமீற்றர் வரையாகும். எனவே சில இடங்களிற் பிழைபட இடமே இல்லை என்பது தெளிவு. இக்கணக்கினை ரொறன்ரோ ஆய்வாளர் றம்பர்சோட்டும் அவருடன் பணிபுரிந்தோரும் 2001 இல் வெளியிட்டனர். இடுப்பின் ஐந்தாம் என்பில் 3.8 மில்லிமீற்றர் விலகலும் 12.7 பாகைச் சாய்வும் பொறுக்கத்தக்கன என்றும், நெஞ்சுப் பகுதியின் ஐந்தாம் என்பிற் பொறுக்கத்தக்க பிழை பூச்சியம் என்றும் அவர்கள் கணித்தனர். ஒரு மில்லிமீற்றர் என்பது நடக்கும் காலுக்கும் நடவாத காலுக்கும் இடைப்பட்ட தூரமாக அமைந்துவிடக்கூடும்.

கம்பியிலிருந்து திருகாணிவரை

முள்ளந்தண்டை உலோகத்தாற் பிணைக்கும் முயற்சி பழைமையானது. ஐக்கிய அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்தில் ஹட்றா என்னும் வைத்தியர் 1891 இலேயே, கழுத்தென்பு முறிந்த ஒருவருக்குக் கம்பியாற் கட்டிட்டார். 1911 இல் நியூயோர்க் நகரில் ஹிப்சு, அல்பீ ஆகிய இருவரும் தனித்தனியே, என்புத் துண்டுகளைக் கொண்டு முள்ளந்தண்டை ஒட்டவைக்கும் முறைகளை வெளியிட்டனர். அக்காலத்தே முள்ளந்தண்டை அரித்த கசநோயே அவர்களை அவ்வழியில் உந்திற்று. பின்னர் இளம்பிள்ளை வாதம் பரவிய காலத்தில், அந்நோயால் முதுகு வளைந்த சிறாருக்கெனப் போல் ஹறிங்டன் ஹூஸ்ரன் நகரில் உலோகக் கோலொன்றை அமைத்து, 1962 இல் அதனை அறிவித்தார். ஒவ்வொரு காலத்தின் நோயும் அக்காலத்தின் கருவியைத் தோற்றுவித்தமை மனங்கொள்ளத்தக்கது.

ஹறிங்டனின் கோல் கொளுக்கிகளால் என்பின் பின்வளைவை மட்டுமே பற்றியது. காம்பினூடே முன்பகுதிவரை சென்று பற்றும் முறையைப் பாரிசு நகரின் றுவா-கமீல் 1963 முதற் கையாண்டு, 1970 இல் வெளியிட்டார். கனடாவைச் சேர்ந்த பூஷே 1959 இல் வெளியிட்ட முறையிலும் நீண்ட திருகாணிகள் காம்பை நோக்கிச் செலுத்தப்பட்டன. 1980களில் பிரான்சு, சுவிற்சர்லாந்து, ஐக்கிய அமெரிக்கா ஆகிய நாடுகளில் இம்முறை வெகுவாகப் பரவிற்று. பற்றும் வலிமையில் அதற்கு நிகரான முறை அன்று இருக்கவில்லை. அது சென்ற வழியையோ எவரும் கண்ணாற் கண்டிலர்.

ஊடுகதிரும் அதன் விலையும்

காணாததைக் காட்டும் முதற் கருவி, 1895 நவம்பரில் றொன்ட்ஜன் கண்ட எக்ஸ் கதிராகும். என்பை அறுக்காமலே அதன் நிழலைக் காண அது வழிவகுத்தது. நிழற்படம் எடுத்துக் கழுவிப் பார்த்தல் சத்திரசிகிச்சை மேசையிற் பயன்படுத்துவதற்கு மிகவும் தாமதமானது. அசையும் உருவத்தை உடனுக்குடன் காட்டும் ஊடுகதிர்த் திரை, 1950களில் உருவப் பிரகாசத்தைப் பெருக்கும் குழாய்களோடு இணைந்தபோதே அறுவை அறைக்கு உகந்ததாயிற்று. நோயாளியின் உடலைச் சுற்றி வளைந்து நிற்கும் பிறைவடிவப் பொறி வைத்தியரின் இரண்டாவது கண்ணாயிற்று.

இக்கண்ணுக்கு இரு குறைகள் இருந்தன. முதலாவது, அது ஆழமற்ற நிழலையே காட்டிற்று. பக்கத்திலிருந்து நோக்கினால் திருகாணி என்புக்குள்ளே இருப்பதாகத் தோன்றும். உண்மையில் அது காம்பின் உட்சுவரைத் துளைத்து முண்ணாணின் இடத்துட் புகுந்திருக்கவும் கூடும். இரண்டாவது, அக்கண் பார்ப்பவரையே சுட்டது. எக்ஸ் கதிர் ஆய்வில் எடிசனுக்குத் துணைநின்ற கிளாரன்ஸ் டாலி, கதிரால் இரு கைகளையும் இழந்து 1904 இல் மாண்டதை வரலாறு மறக்கவில்லை. கதிரின் அளவு பிற்காலத்திற் பெரிதுங் குறைந்தபோதிலும் இடர் முற்றாக நீங்கவில்லை. ஊடுகதிர்த் திரையின் துணையோடு காம்புத் திருகாணி பொருத்தும் வைத்தியர் பெறும் கதிர்வீதம், அத்திரை பயன்படும் ஏனைய என்புச் சிகிச்சைகளில் உள்ளதினும் 10 முதல் 12 மடங்குவரை உயரலாமென 2000 இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. நோயாளி ஒருமுறை பெறுவதை வைத்தியரும் தாதியரும் ஆண்டாண்டாகப் பெறுகின்றனர். நோயாளியின் பாதுகாப்புக்காகச் சிகிச்சை செய்வோர் தம் உடலால் விலை கொடுக்கும் நிலை இது.

பிழையை அளத்தல்

1980களின் இறுதியில் நிகழ்ந்த மாற்றம் புறத்தோற்றத்திற் சிறியது; விளைவிற் பெரியது. வைன்ஸ்ரைனும் அவரது குழுவினரும் இறந்தோரின் உடல்களிலே திருகாணிகளைப் பொருத்தி, எக்ஸ் கதிர்ப் படம் கூறுவதை, என்பை அறுத்துக் கண்டதோடு ஒப்பிட்டனர். 1988 இல் வெளிவந்த அவ்வாய்வில் 21 வீதமான திருகாணிகள் வழி தவறியிருந்தன. இத்துறையிற் பயிற்சிபெற்ற கைகளே அவற்றைப் பொருத்தியிருந்தன என்பதும், படத்தை மட்டும் நம்பினால் இப்பிழைகள் யாவும் வெளிப்பட்டிரா என்பதும் நோக்கத்தக்கன.

இரண்டாண்டுகளின் பின்னர் கேர்ட்ஸ்பைன், றொபின்ஸ் ஆகிய இருவரும் சிகிச்சை பெற்ற நோயாளரைக் கணனி வெட்டுமுகப் படங்களால் ஆராய்ந்து, திருகாணி காம்பின் சுவரைக் கடந்த தூரத்தை இரண்டு இரண்டு மில்லிமீற்றராகப் பிரித்து வகுத்தனர். அவ்வகுப்பு முறையே இன்றளவும் உலகெங்கும் வழங்குகின்றது. அதுவரை ‘திருகாணி நன்றாக அமைந்தது’ என்பது வைத்தியரின் சொல்லாகவே இருந்தது. இதன் பின்னர் அது வேறெவரும் சரிபார்க்கத்தக்க எண்ணாயிற்று. ஒரு தொழிலின் நம்பிக்கை, அளவீட்டுக்கு முன்னே தலைவணங்கிய தருணம் இதுவெனலாம்.

அளவீடு மருத்துவமனைக்கு வெளியேயும் பரவியது. 1990களில் ஐக்கிய அமெரிக்காவிற் காம்புத் திருகாணிகள் தொடர்பாக ஆயிரக்கணக்கானோர் வழக்குத் தொடுத்தனர். கைகால்களின் நீண்ட என்புகளுக்கென அனுமதி பெற்ற திருகாணிகள் முள்ளந்தண்டிற் பயன்பட்டமை அவ்வழக்குகளின் மையப் பொருள்களுள் ஒன்றாகும். 1998 இல் அந்நாட்டு உணவு, மருந்து நிருவாகம் காம்புத் திருகாணிகளை அதியுயர் இடர்வகுப்பிலிருந்து அடுத்த வகுப்புக்கு மாற்றியது. 2001 இல் அந்நாட்டு உயர் நீதிமன்றம், நிருவாகத்தை ஏமாற்றி அனுமதி பெற்றதாகக் கூறி மாநிலச் சட்டத்தின்கீழ் நட்டஈடு கோர இயலாதெனத் தீர்ப்பளித்தது. திருகாணி சட்டத்தின் ஏற்பைப் பெற்றது. அது எங்கே செல்கின்றது என்ற வினா நீங்கவில்லை.

தலையிலிருந்து முள்ளந்தண்டுக்கு

அவ்வினாவுக்கான விடை மூளைச் சத்திரசிகிச்சையிலிருந்து வந்தது. விலங்குகளின் மூளியினுள்ளே குறித்த ஓர் இடத்துக்கு ஊசியைச் செலுத்த விரும்பிய ஹோர்ஸ்லியும் கிளாக்கும், தலையோட்டின்மீது பொருந்தும் ஒரு சட்டத்தை அமைத்து, 1908 இல் இலண்டனில் அதனை விரிவாக வெளியிட்டனர். மூளையின் ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று ஆள்கூறுகள் வழங்கலாம் என்பதே அதன் அடிப்படை. அவ்வகையில் அது டேக்காட்டின் கேத்திர கணிதத்தை உயிருடலுட் கொண்டுசென்ற கருவியெனல் தகும். ஸ்பீகலும் வைசிசும் 1947 இல் பிலடெல்பியாவில் இதனை மனிதருக்கு ஏற்றவாறு அமைத்தனர். மனிதரின் தலையோடு ஆளுக்கு ஆள் வேறுபடுவதால், அவர்கள் புறத்து அடையாளங்களை விட்டு, எக்ஸ் கதிரிற் புலப்படும் மூளையின் அக அடையாளங்களைப் பற்றுக்கோடாகக் கொண்டனர்.

1971 அக்டோபர் முதலாம் நாள் இலண்டனில் ஹவுன்ஸ்பீல்டின் கணனி வெட்டுமுகப் பொறி முதல் நோயாளியைப் படம் பிடித்தது. அதனோடு உடலின் அகம் முழுவதும் ஆள்கூறுகளாகப் பதிவாகும் நிலை பிறந்தது. 1986 இல் டாட்மத் கல்லூரியைச் சேர்ந்த டேவிட் றொபேட்ஸ், சட்டத்தையே நீக்கிவிட்டு, அறுவை நுண்ணோக்கியின் நிலையைக் கழியொலியால் அளந்து அதனைப் படத்தோடு இணைத்தார். அடுத்த ஆண்டில் யப்பானிய வைத்தியர் வதனபே மூட்டுகள் பொருந்திய ஓர் இயந்திரக் கரத்தால் அதே பணியை நிறைவேற்றினார்.

சட்டம் நீங்கியமையே முள்ளந்தண்டுக்கு வாயில் திறந்தது. தலையோடு ஒரே திடப்பொருள். அதன்மேற் சட்டம் பூட்டலாம். முள்ளந்தண்டோ அசையும் என்புகளின் தொடர். படம் எடுக்கையில் நோயாளி மல்லாந்து கிடக்கின்றார். சிகிச்சையின்போது குப்புறக் கிடக்கின்றார். இரு நிலைகளிலும் என்புகளின் ஒழுங்கு ஒன்றன்று. இச்சிக்கலுக்கு 1990களின் நடுப்பகுதியிற் சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரில் நோல்ற்றே குழுவினரும், அமெரிக்காவில் கல்பஸ், போலி முதலியோரும் விடை கண்டனர். முழு முள்ளந்தண்டையும் ஒரு பொருளாகக் கொள்ளாது, ஒவ்வோர் என்பையும் தனித்தனித் திடப்பொருளாகக் கொண்டமையே அவர்களது தீர்வின் சாரமாகும்.

அதன் தொழிற்பாடு வருமாறு: என்பிலே ஒரு சிறு அடையாளச் சட்டம் பொருத்தப்படும். அதிலும் வைத்தியரின் கருவியிலும் உள்ள ஒளிமுனைகளை அல்லது ஒளிதெறிக்கும் சிறு உருண்டைகளைச் செந்நிறக்கீழ்க் கதிர்க் கமெரா கண்காணிக்கும். வைத்தியர் என்பின் புறத்தே சில புள்ளிகளைத் தொட்டுக் காட்ட, கணனி அவற்றைப் படத்திலுள்ள அதே புள்ளிகளோடு பொருத்திக்கொள்ளும். அதன்பின் கருவியின் முனை அசையுந்தோறும் திரையிலுள்ள என்பினுள்ளே அதன் நிழலும் அசையும். அடையாளச் சட்டம் தற்செயலாகத் தட்டுப்பட்டு நகர்ந்தாலோ, திரை காட்டும் வழி அழகாகவே இருக்கும். ஆனால் அது பொய்யான வழியாகிவிடும். 2000களிற் சத்திரசிகிச்சை மேசையிலேயே முப்பரிமாணப் படம் எடுக்கும் பொறிகள் வந்தபின், புள்ளிகளைத் தொட்டுப் பொருத்தும் வேலை பெரிதுங் குறைந்தது.

பின்லாந்தில் லைனெ முதலியோர் 100 நோயாளரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி நடத்திய ஆய்வு 2000 இல் வெளிவந்தது. வழமை முறையில் 13.4 வீதமான திருகாணிகளும், கணனி வழிகாட்டலில் 4.6 வீதமானவையும் காம்பின் சுவரைத் துளைத்திருந்தன. நான்கு மில்லிமீற்றருக்கு மேற்பட்ட விலகல் கணனிப் பிரிவில் ஒன்றேனும் இல்லை.

செவியால் அறிதல்

வழிகாட்டுதல் யாவும் கண்வழியே நிகழவில்லை. 1990களில் வேறொரு முறை வளர்ந்தது. பொருத்திய திருகாணியினூடே சிறு மின்னோட்டம் செலுத்தப்படும். என்புச் சுவர் குறைவின்றி இருந்தால் அது மின்னைத் தடுக்கும். சுவர் உடைந்திருந்தால் மிகச் சிறு மின்னோட்டமே நரம்பைத் தூண்ட, காலின் தசை துடிக்கும். இம்முறை பிழையைக் கண்டது. ஆயினும் துளையிட்ட பின்னரே கண்டது.

துளையிடும்போதே எச்சரிக்கும் கருவி அடுத்து வந்தது. வன்மையான புறவென்பு, மென்மையான அகவென்பு, இரத்தம் ஆகியவற்றின் மின்கடத்துதிறன் வெவ்வேறானது. துளைகருவியின் முனையில் மின்வாயைப் பொருத்தி இவ்வேறுபாட்டை ஒலியாக மாற்றினால், முனை எதனைத் தொடுகின்றது என்பதை வைத்தியர் செவியால் அறியலாம். அயர்லாந்தின் போல்ஜர் முதலியோர் பன்றிகளில் இதனைச் சோதித்து 2006 இல் வெளியிட்டனர். பெரும் பொறிகளோ மேலதிகக் கதிரோ இதற்கு வேண்டா. கையின் உணர்வை நீக்காது அதற்குத் துணைநிற்கும் கருவி இதுவாகும்.

றோபோவும் கையும்

இஸ்ரேலிய ஆய்வாளர் மொஷே ஷொஹாம் வழிவந்த சிறு றோபோ 2004 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது தானே துளையிடவில்லை. துளையிடவேண்டிய திசையிலே ஒரு குழாயைப் பிடித்து நின்றது. துளையிட்டது மனிதக் கையே. 2012 இல் ஜேர்மனியிலிருந்து வெளிவந்த றிங்கல் குழுவினரின் ஆய்வு பலரையும் வியப்பில் ஆழ்த்திற்று. 60 நோயாளரிடம் நடந்த அக்குலுக்கல் முறை ஒப்பீட்டில், கையால் பொருத்தியவற்றுள் 93 வீதமும், றோபோவின் துணையோடு பொருத்தியவற்றுள் 85 வீதமும் நல்ல நிலையில் அமைந்திருந்தன. என்பின் சரிவான புறத்தே குழாய் வழுக்கியமை காரணமாகலாமென அவர்கள் கருதினர். கணக்கிற் பிழையில்லாத திசையும் என்பின் சரிவிலே திசைமாறியது. தோல்வியை மறையாது வெளியிட்ட இத்தகைய ஆய்வுகளே பிற்காலக் கருவிகள் திருந்துவதற்கு வழிசெய்தன.

கையும் தன் வழக்கை முன்வைத்திருந்தது. அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் கிம், லென்கி முதலியோர் நெஞ்சுப் பகுதியிற் கருவி வழிகாட்டலின்றிப் பொருத்திய 3204 திருகாணிகளை ஆராய்ந்து 2004 இல் வெளியிட்டனர். படமெடுத்துப் பார்த்தவற்றுள் 6.2 வீதம் சுவரைக் குறிப்பிடத்தக்க அளவு கடந்திருந்தன; எனினும் அவற்றால் நரம்போ இரத்தக்குழாயோ பாதிக்கப்படவில்லை. சுவரைக் கடத்தல் வேறு, நோயாளி ஊறுபடுதல் வேறு என்னும் உண்மை இதனால் வலியுறுகின்றது. படத்தில் திருகாணி செம்மையாக அமைவதால் நோயாளி எவ்வளவு நலம் பெறுகின்றார் என்பதே கேட்கவேண்டிய வினாவாகும். பெருந்தொகை கொடுத்துப் பொறி வாங்கும் மருத்துவமனைகள் இவ்வினாவை எளிதிற் கடந்துசெல்லல் ஆகாது. அப்பொறிகளுக்குப் பின்னே பெருமுதல் நிற்கின்றது. மேற்கூறிய றோபோவை ஆக்கிய நிறுவனம் 2018 இல் 160 கோடி டொலருக்கு மேற்பட்ட விலைக்குக் கைமாறியமை இதற்குச் சான்றாகும்.

முடிவாக நோக்குமிடத்து, ஹோர்ஸ்லியின் சட்டம் தொடக்கம், 2019 இல் அனுமதி பெற்ற, வைத்தியரின் கண்முன்னே என்பின் உருவைக் காட்டும் தலைக்கவசம் வரையிலான இவ்வரலாற்றில் ஒரு பொது இயல்பைக் காணலாம். ஒவ்வொரு கருவியும் முந்திய கருவியின் பிழையைத் திருத்தி, அதுவரை இல்லாத ஒரு பிழையைத் தன்னோடு கொண்டுவந்தது. நிழற்படம் ஆழத்தை மறைத்தது. கணனி, நகர்ந்த என்பை அறியாதிருந்தது. றோபோ சரிவிலே வழுக்கியது. இவற்றை வெளிப்படுத்தியவர்கள், தாம் பொருத்திய திருகாணியை மீண்டும் ஒருமுறை படமெடுத்துப் பார்க்கத் துணிந்தவர்கள். மேசையிற் குப்புறக் கிடக்கும் நோயாளிக்குத் திரையிலுள்ள கோடு தெரியாது. மயக்கந் தெளிந்தபின் தன் கால்விரல் அசைகின்றதா என்பதே அவர் அறிய விரும்புவது. இக்கருவிகளை மதிப்பிடுவோர்க்கும் அதுவே இறுதி அளவுகோலாதல் வேண்டும்.